குப்பை கொட்டுபவரை என்ன செய்வது?

 



மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறக்கும் மாணவனுக்கு முதலில் வருவது தொழுகைப் பாடம் அல்ல. தஹாரத், அதாவது சுத்தம் பற்றிய பாடம். தண்ணீரின் வகைகள், நஜீஸின் வகைகள், ஒளு, குளிப்பு என்று அது போகும். அதற்குள் ஒரு சிறிய பகுதி, மலஜலம் கழிக்கும் ஒழுக்கங்கள். எங்கெல்லாம் உட்காரக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கும். மக்கள் நடக்கும் பாதையில் கூடாது. அவர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் நிழலில் கூடாது. தண்ணீர் எடுக்கும் துறையில் கூடாது. பழம் தரும் மரத்தடியில் கூடாது.

இதற்கு ஆதாரமாக வருவது ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். சாபத்தை இழுத்து வரும் இரண்டு காரியங்களை விட்டு விலகும்படி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவை எவை என்று தோழர்கள் கேட்டபோது, மக்களின் பாதையிலும் அவர்களின் நிழலிலும் மலஜலம் கழிப்பது என்று விளக்கினார்கள். அபூதாவூதில் முஆத் (ரலி) அவர்களின் அறிவிப்பில் நீர்த்துறையும் சேர்கிறது.

கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலில் ஒதுங்கினால் அதில் பாவம் எதுவும் இல்லை. அதே மனிதர் அதே காரியத்தைப் பாதையில் செய்தால் சாபத்துக்கு உரியவர் ஆகிறார். காரியம் ஒன்றுதான், இடம் வேறு. அந்த இடம் எல்லோருக்கும் உரியது என்பதால் வந்த விளைவு இது.

இன்று நம் ஊர்களில் யாரும் பாதையில் உட்காருவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குழந்தையின் டயப்பரைச் சுருட்டி, கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு, இரவு 11 மணிக்கு பைக்கில் போகிற போக்கில் காலிமனையில் வீசுகிறோம். அதற்குள் இருப்பது என்ன? ஃபிக்ஹு நூல் எதை நஜீஸ் என்று சொல்கிறதோ அதேதான். பாதையில் நேரடியாக வைத்தால் சாபம், பாலிதீனில் கட்டி வைத்தால் சாபம் இல்லை என்று யாராவது ஃபத்வா கொடுத்திருக்கிறார்களா? நாய் வந்து அந்த முடிச்சை அவிழ்க்க ஐந்து நிமிடம் போதும். காலையில் மக்தபுக்கு ஓத வருகிற பிள்ளைகள் அதன் மேல் மிதித்துவிட்டு, அதே காலோடு பள்ளிக்குள் வருகிறார்கள்.

இரண்டு வாரமாக நம் முஹல்லாவில் இதைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிக்குப் பின்னால் உள்ள காலிமனை அப்படி ஆகிவிட்டது. எதிரில் ஒரு வீட்டில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பையை வீசுவது பதிவாகி இருக்கிறது. ஒரு தம்பி அதை என்னிடம் காட்டினார். முகம் தெரிகிறது. ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்பதைக்கூட இங்கே சொல்ல மாட்டேன். தம்பி இரண்டு கோரிக்கை வைத்தார். முஹல்லா வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட அனுமதி வேண்டும். ஜும்ஆ மேடையில் ஹளரத் பெயரைச் சொல்ல வேண்டும். அவருடைய கோபம் நியாயமானது. அவருடைய வாப்பா அந்த மனையின் ஓரத்தில் வழுக்கி விழுந்தவர். ஆனாலும் இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இன்றைய பயான்.

நாம் கேட்டு வளர்ந்த கதை

இந்தத் தலைப்பு என்றால் உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கதை. நபி (ஸல்) அவர்கள் நடந்து போகும் பாதையில் ஒரு பெண் தினமும் குப்பை கொட்டுவாள். ஒரு நாள் குப்பை விழவில்லை. விசாரித்தால் அவளுக்கு உடல்நலம் இல்லை. நபியவர்கள் நலம் விசாரிக்கப் போனார்கள், அவள் கலிமா சொன்னாள். எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்போம். பாடப் புத்தகத்தில்கூடப் படித்திருப்போம்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதைத் தேடிப் பார்த்துவிட்டு, நம்பத்தகுந்த அறிவிப்பாளர் தொடருடன் இப்படி ஒரு சம்பவம் இல்லை என்கிறார்கள். நபியவர்களின் பெயரில் ஒன்றைச் சொல்வதில் பேணுதல் வேண்டும், கருத்து அழகாக இருந்தாலும் சரி. இந்தக் கதையால் இன்னொரு தொல்லையும் உண்டு. குப்பை கொட்டுபவர் கொட்டிக்கொண்டே இருக்கலாம், பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கக் கூடாது, அதுதான் பொறுமை என்று நாம் புரிந்து வைத்திருக்கிறோம்.

உண்மையில் பதிவாகி இருப்பது என்ன? மக்காவில் நபி (ஸல்) அவர்களின் வீட்டைச் சுற்றி இருந்த அண்டை வீட்டார் யார் யார்? அபூலஹப், உக்பா இப்னு அபீமுஐத் போன்றவர்கள். வீட்டு வாசலில் அசுத்தத்தைக் கொண்டுவந்து போடுவார்கள். இப்னு ஹிஷாமின் ஸீராவில் வருகிறது: நபியவர்கள் அந்த அசுத்தத்தை ஒரு குச்சியில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து வாசலில் நிற்பார்கள். அப்து மனாஃபின் மக்களை அழைத்து, இது என்ன அண்டை வீட்டு முறை என்று கேட்பார்கள். பிறகு அதை ஓரமாகப் போட்டுவிடுவார்கள்.

சகோதரர்களே, இந்தக் காட்சியை மனதில் நிறுத்துங்கள். அவர்கள் வாய் மூடி இருக்கவில்லை, கேட்டார்கள். வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்கள். அதே சமயம் அந்த அசுத்தத்தை அபூலஹபின் வாசலில் திருப்பி வீசவில்லை. ஏசவும் இல்லை. அப்து மனாஃபின் மக்களே என்று குடும்பப் பெயரைச் சொல்லி, அவர்களுடைய கௌரவத்தைத் தொட்டுக் கேட்டார்கள்.

திருப்பி வீசுவது பற்றி ஒரு வார்த்தை. சிலர் இதை வீரம் என்று நினைக்கிறார்கள். அவன் என் வாசலில் போட்டான், நான் அவன் மாடியில் போட்டேன் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று லா ளரர, வலா ளிரார. தொடங்கி வைக்கும் தீங்கும் இல்லை, தீங்குக்குப் பதிலாகச் செய்யும் தீங்கும் இல்லை. இரண்டாவது சொல் இந்த வீரர்களுக்காகவே வந்தது போல் இருக்கிறது.

தெரியாமல் செய்பவர், தெரிந்தே செய்பவர்

அடுத்து, எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுன் நபவிக்குள் வந்து ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி), அபூஹுரைரா (ரலி) வழியாக வருகிறது. தோழர்கள் பாய்ந்தார்கள். நபியவர்கள் அவரைத் தடுக்கவில்லை, பாய்ந்தவர்களைத் தடுத்தார்கள். இடையில் நிறுத்தாதீர்கள், முடிக்க விடுங்கள் என்றார்கள். பாதியில் விரட்டினால் என்ன ஆகும்? ஒரு மூலையில் இருக்கும் நஜீஸ் பள்ளி முழுவதும் பரவும், அந்த மனிதருக்கும் துன்பம். பிறகு அவரைக் கூப்பிட்டு, இந்தப் பள்ளிவாசல்கள் தொழுகைக்கும் திக்ருக்கும் குர்ஆன் ஓதுவதற்கும் உரியவை, இதற்கு உரியவை அல்ல என்று விளக்கினார்கள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்ற வைத்தார்கள். விஷயம் முடிந்தது.

அன்றைக்குப் பள்ளியின் தரை மண். நம்மைப் போல் டைல்ஸும் கார்ப்பெட்டும் இல்லை. பாலைவனத்திலிருந்து வந்தவருக்கு அதுவும் ஒரு திறந்தவெளியாகத் தெரிந்திருக்கும். அவர் தெரியாமல் செய்தவர். தெரியாதவருக்கு மருந்து சொல்லிக் கொடுப்பது. இப்னு மாஜாவின் அறிவிப்பில், பிற்காலத்தில் அவரே இதை நினைவுகூர்ந்து, நபியவர்கள் என்னைக் கடியவும் இல்லை, ஏசவும் இல்லை என்று சொன்னதாக இருக்கிறது. சட்டம் மறந்து போகலாம். எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பது மறக்கவில்லை.

இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் பயான் பாதிதான். ஏனென்றால் நம் தெருவில் குப்பை போடுபவர்களில் எத்தனை பேர் பாலைவனத்திலிருந்து வந்தவர்கள்?

கிப்லா பக்கச் சுவரில் சளி ஒட்டியிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். இங்கே அவர்களின் முகத்தில் கோபம் தெரிந்தது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கிராமவாசியிடம் வராத கோபம் இங்கே வந்தது. ஏன்? தொழ வருகிறவருக்குக் கிப்லாச் சுவர் என்னவென்று தெரியும். அப்போதும் என்ன செய்தார்கள்? தாங்களே எழுந்து போய்த் தங்கள் கையால் அதைச் சுரண்டி எடுத்தார்கள். யார் துப்பியது என்று விசாரணைக் கமிஷன் போடவில்லை. மக்கள் பக்கம் திரும்பி, துப்ப வேண்டி வந்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், ஓர் இளைஞர் ஓடிப்போய் வீட்டிலிருந்து நறுமணப் பொருள் கொண்டுவந்தார், அதை அந்த இடத்தில் நபியவர்கள் பூசினார்கள் என்று வருகிறது. பள்ளிவாசல்களில் நறுமணம் பூசும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்களே சொல்கிறார்கள்.

இன்னொரு ஹதீஸும் உண்டு. நாங்கள் மேடைகளில் அதிகம் சொல்லாத ஹதீஸ், காரணம் அது இமாம்களைப் பற்றியது. அபூதாவூதில் வருகிறது. ஒரு கூட்டத்தாருக்குத் தொழ வைத்த ஒருவர் கிப்லாவை நோக்கித் துப்பியதை நபியவர்கள் பார்த்தார்கள். இவர் இனி உங்களுக்குத் தொழ வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மீண்டும் தொழ வைக்க முன்வந்தபோது மக்கள் தடுத்தார்கள். நபியவர்களிடம் போய்க் கேட்டார். ஆம், நான்தான் சொன்னேன் என்றார்கள்.

ஆக, தெரியாதவருக்கு மென்மை. தெரிந்த பொதுமக்களுக்குப் பெயர் சொல்லாத கண்டிப்பு. பொறுப்பில் இருப்பவருக்குப் பதவி போகும் அளவுக்குத் தண்டனை. நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஏழை வீட்டுப் பை என்றால் வீடியோ எடுக்கிறோம். கல்யாண மண்டபத்துக்காரர் ஒரு டிராக்டர் நிறைய இலையையும் பிரியாணி டப்பாவையும் ஏரிக்கரையில் கொட்டினால், அவர் பள்ளிக்கு நன்கொடை தருபவர் என்று சும்மா இருக்கிறோம்.

மேடையில் பெயர், போனில் வீடியோ

ஒருவரிடம் ஒரு குறையைக் கண்டால் நபி (ஸல்) அவர்கள் பெயரைச் சொல்லி மேடையில் பேச மாட்டார்கள், சிலருக்கு என்ன ஆயிற்று, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகச் சொல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதனால் பெயர் சொல்ல இந்த மேடை இல்லை.

வாட்ஸ்அப் குழு? அதில் போடும் வீடியோ குப்பை கொட்டியவருக்குப் போவதில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வருகிற வீட்டாருக்குப் போகும். அவர் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். 10 விநாடி வீடியோவுக்குப் பத்து வருட ஆயுள். பிறகு அவர் குப்பை போடுவதை நிறுத்தினாலும் வீடியோ நிற்காது. போட்ட பாவத்தைவிடப் பெரிய தண்டனையை நாம் கொடுத்துவிடுகிறோம்.

அப்படியென்றால் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும், உரியவரிடம். புறம் பேசுவது ஹராம் என்று சொல்லும் இமாம் நவவி (ரஹ்) அவர்களே ஆறு சந்தர்ப்பங்களில் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்வதற்கு அனுமதி உண்டு என்று ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது அதில் ஒன்று. ஒரு தீமையை மாற்றுவதற்கு உதவி தேடுவது இன்னொன்று. ஆகவே அந்த வீடியோவை ஜமாஅத் தலைவரிடம் காட்டுவது கீபத் இல்லை. அவர் சொல்லியும் கேட்கவில்லை என்றால் நகராட்சிச் சுகாதார அலுவலரிடம் எழுதிக் கொடுப்பதும் கீபத் இல்லை. 2016ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை வீசுவதையும் எரிப்பதையும் தடை செய்தன. டயப்பரைத் தனியாகச் சுற்றி உலர் குப்பையோடு தர வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. 100 பேருக்கு மேல் கூடும் விருந்தை உரிமம் பெறாத இடத்தில் வைத்தால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நம் வலீமாக்களில் எத்தனை பேர் தெரிவித்தோம் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் அடங்காதவர் இருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. அண்டை வீட்டாரால் துன்பம் என்று ஒருவர் நபியவர்களிடம் வந்தார். போய்ப் பொறுமையாக இருங்கள் என்றார்கள். இரண்டு மூன்று முறை வந்தார். அதன்பிறகு, உங்கள் வீட்டுச் சாமான்களை எடுத்துப் பாதையில் வையுங்கள் என்றார்கள். வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், இவர் நடந்ததைச் சொன்னார். கேட்டவர்கள் அந்த அண்டை வீட்டாரைச் சபித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவரே ஓடிவந்து, வீட்டுக்குத் திரும்புங்கள், இனி உங்களுக்குப் பிடிக்காத எதுவும் என்னிடமிருந்து வராது என்றார். அபூதாவூதில் உள்ள ஹதீஸ்.

பாதையில் வந்தது யாருடைய சாமான்? பாதிக்கப்பட்டவருடையது. தன் துன்பத்தை ஊர் பார்க்க வைத்தார். ஊரார் நெருக்கடி என்பது தீனில் உண்டு. ஆனால் அது முதல் நாள் எடுக்கும் ஆயுதம் இல்லை. பொறுமை, மறுபடியும் பொறுமை, பிறகுதான் அது.

எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்பது?

குப்பை போடும் சகோதரர் யாராவது இங்கே உட்கார்ந்திருக்கலாம், அல்லது இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். அவரிடமும் பேசுகிறேன். அல்லாஹ்வின் உரிமையில் செய்த குறைக்குத் தவ்பா செய்தால் அவன் மன்னிப்பான். அடியார்களின் உரிமையில் குறை வைத்தால், உரியவரிடமும் மன்னிப்புப் பெற வேண்டும். ஒருவரின் பணத்தை எடுத்திருந்தால் அவரைத் தேடிப் போய்க் கொடுத்துவிடலாம். தெருவில் போட்ட குப்பைக்கு யாரைத் தேடுவீர்கள்? வழுக்கி விழுந்த பெரியவரையா? வாந்தி எடுத்த கர்ப்பிணியையா? ஏடிஸ் கொசு சாக்கடைத் தண்ணீரைவிடத் தெளிந்த தண்ணீரைத்தான் விரும்பி முட்டையிடும். மழைநீர் தேங்கிய டீ கப்பும் சிரட்டையும் அதற்குப் போதும். முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள். இந்த ஜும்ஆவில் எறிந்த கப் அடுத்த ஜும்ஆ வாக்கில் கொசுவைத் தந்துவிடும். அந்தக் கொசு யார் வீட்டுப் பிள்ளையைக் கடித்தது என்று மஹ்ஷரில்தான் தெரியவரும்.

அள்ளுகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். மஸ்ஜிதுன் நபவியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி வஃபாத் ஆனார். இரவில் எதற்கு நபியவர்களைச் சிரமப்படுத்த வேண்டும், சாதாரணமானவர்தானே என்று தோழர்கள் அடக்கிவிட்டார்கள். ஆளைக் காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று ஜனாஸா தொழுதார்கள். நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒரு வாரம் வராவிட்டால் நாம் தேடுவது வண்டியைத்தான். அவரை இல்லை. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றாமல் பையில் போட்டால் கிழிவது அவர் கைதான்.

இனி, நம் ஊர் விஷயம். ஜமாஅத்தில் இருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டார்கள். யாரும் வெளியே சொல்லவில்லை, நீங்களும் யார் என்று கேட்க வேண்டாம். பேசியபோது ஒன்று தெரியவந்தது. குப்பை வண்டி வருவது காலை 8 மணிக்கு. அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பும் வீடுகள் நம் முஹல்லாவில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினார்கள். இரண்டு கைவிரல் போதவில்லை. அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு நாம் ஒரு வழி வைத்துத் தந்திருந்தோமா?

அதனால் பள்ளியின் பின்வாசலில் மூடி போட்ட இரண்டு தொட்டி வைக்கிறோம், மக்குவதற்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று. ஃபஜ்ருக்கு வரும்போது கையில் கொண்டுவந்து போட்டுவிடலாம். வண்டி வரும்போது மோதினார் எடுத்துக் கொடுப்பார், அதற்கென்று ஜமாஅத் அவருக்குத் தனியாகத் தரும். முஸ்லிம் அல்லாத நம் அண்டை வீட்டாரும் போடலாம், தெரு அவர்களுக்கும் உரியது. வரும் ரமளானில் நோன்புக் கஞ்சிக்குப் பிளாஸ்டிக் கப் கிடையாது. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவாருங்கள், நம் உம்மாமார்கள் அப்படித்தான் வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு காலிமனையைச் சுத்தம் செய்கிறோம். மனையின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. பாதையில் கிடந்த ஒரு முள் கிளையை அப்புறப்படுத்திய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியில் வருகிறது. அங்கே ஒரு கிளை அல்ல, இரண்டு லோடு இருக்கிறது. மண்வெட்டி, பழைய சாக்கு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கையுறை பள்ளியில் தருவார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், உள்ளே கண்ணாடி கிடக்கிறது. போன் வேண்டாம். படம் எடுக்க யாரும் வர வேண்டாம்.

அல்லாஹுத்தஆலா நம் உடலையும் உள்ளத்தையும் தெருவையும் சுத்தமாக்கித் தருவானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள், குத்பாவுக்கு நேரமாகிறது.